“எட்டு முடிச்சாச்சு... அடுத்து?” - ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் ஒரு நாள்!

வேப்பமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து மணி. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு எந்தக் கிளையில் தொங்கியதோ, அதே கிளையில்தான் இன்றும் தொங்குகிறது. அடிக்கிற பிள்ளைதான் வேறு.

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவில் சர்ச். சர்ச் சுவரையொட்டி ஓட்டுக் கட்டடம். அரசு உதவி பெறும் கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை, தமிழ் வழி. ஊர்க்காரர்களுக்கு அது என்றைக்கும் ‘மிஷன் ஸ்கூல்’தான். படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் இல்லை. நானும் இல்லை. ஆனாலும் எட்டு வருஷம் அந்த மணிச் சத்தத்துக்குத்தான் ஓடினேன்.

“கல்விப் பக்கத்துக்கு ஏதாவது எழுது. நீ படிச்ச ஸ்கூலைப் பத்தியே எழுதேன்” என்றார் ஆபீஸில் சீனியர். பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர்தான் இப்போது ஹெச்.எம். என்னைப் பார்த்ததும், “ஏ பிள்ள, நீயா? மெட்ராஸ்ல சோறு கிடைக்கலையா, இப்படி மெலிஞ்சு போயிருக்க?” என்றார். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார். எட்டாம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். என் காலத்தில் மூன்று வரிசை பெஞ்ச் நிறைந்திருக்கும். இப்போது ஒரே வரிசை.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இதுக்கே மே மாசம் முழுக்க வீடு வீடா நடந்திருக்கோம், பாத்துக்கோ!”

தம்பிக்குப் பொங்கல், அக்காவுக்கு?

நான் போன நேரம் காலை உணவு முடியும் நேரம். வராந்தாவில் வரிசையாகச் சின்னப் பிள்ளைகள். தட்டில் சூடாகப் பொங்கலும் சாம்பாரும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளில்தான் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட்டில் கிடைத்தது. தாமதமாக வந்தாலும் வந்த சந்தோஷம் அந்தத் தட்டுகளில் தெரிந்தது.

ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் பையை மடியில் வைத்திருந்தாள். “நீ சாப்பிடலையா பாப்பா?” என்று கேட்டேன். “நான் ஆறாங்கிளாஸ் அக்கா” என்றாள். அவ்வளவுதான் பதில்.

ஆமாம். திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான் என்று வகுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரே வளாகத்தில் ஒன்று முதல் எட்டு வரை இருக்கும் நடுநிலைப் பள்ளியில் தினமும் காலையில் தெரியும். போன ஏப்ரலில் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை, இந்த ஜூனில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. மதியச் சத்துணவு அவளுக்கும் உண்டு. ஆனால், மதியத்துக்கு இன்னும் நாலு பீரியட் இருக்கிறதே!

ஆறு, ஏழு, எட்டு. பெற்றோர் ரொம்பக் கவலைப்படாத மூன்று வருஷங்கள் இவை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளிக்கூடம் தேடி அலைகிறோம். பத்தாம் வகுப்பில் டியூஷன் தேடி அலைகிறோம். நடுவில் இருக்கிற இந்த மூன்று வருஷம் தானாக ஓடிவிடும் என்று நினைக்கிறோம். அது தானாக ஓடுவதில்லை என்பதுதான் அன்று முழுக்க நான் பார்த்தது.

லேஸ் நூலில் ஓடிய பள்ளிக்கூடம்

இந்தப் பள்ளிகள் ஏன் இந்தக் கிராமங்களில் வந்தன? கொஞ்சம் பின்னால் போவோம்.

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானியரான சீகன்பால்க். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். பள்ளிக்கூடம் நடத்தியவர். வந்த மறுவருஷமே பெண் பிள்ளைகளுக்கும் தனியாகப் பள்ளி தொடங்கினார்.

நெல்லைச் சீமையில் இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. 1841-ல் இடையன்குடிக்கு வந்து தங்கினார் ராபர்ட் கால்டுவெல். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அவர் மனைவி எலைசாவைப் பற்றி அவ்வளவாகப் படித்திருக்க மாட்டோம். எலைசா நாகர்கோவிலில் மிஷனரிகளாக இருந்த மால்ட் தம்பதியின் மகள். அம்மா மார்த்தா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். எலைசா அந்தக் கைத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். கூடவே பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளியும் நடத்தினார்.

தேரிக்காட்டில் பனையை நம்பி வாழ்ந்த குடும்பங்களில், பொம்பளைப் பிள்ளையைப் படிக்க அனுப்பினால் வீட்டு வேலை யார் பார்ப்பது, வருமானம் எங்கிருந்து வரும் என்கிற கேள்விகள்தான் முதலில் வந்தன. லேஸ் அதற்கு ஒரு பதிலாக இருந்தது. கையில் நூல், பக்கத்தில் புத்தகம்.

மதம் பரப்பத்தானே வந்தார்கள் என்று கேட்கலாம். அதற்காகத்தான் வந்தார்கள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால், எழுத்துப் பக்கமே விடப்படாத சாதிகளின் பிள்ளைகளுக்கு முதல் ஸ்லேட்டைக் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை.

1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கைதான் தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் முறைக்கு வழி போட்டது. இன்றைய அரசு உதவி பெறும் பள்ளியின் வேர் அதுதான். கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையுடையது. அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம், பாடப் புத்தகம், சத்துணவு அரசாங்கத்துடையது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது.

ஜெபம் உண்டு, கட்டாயம் இல்லை

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சியிடம் எங்கே போகிறேன் என்று சொன்னேன். “அங்க சேர்த்தா பிள்ளையை வேதத்துல சேர்த்துருவாங்கன்னு சொல்லுதாங்களே?” என்றார். பல வீடுகளில் இருக்கிற கேள்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது? சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-வது பிரிவு தருகிறது. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்திக் கலந்துகொள்ள வைக்க முடியாது என்று 28-வது பிரிவு சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொன்னதற்காகப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் வேதபாட வகுப்பு நடக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. எனக்கு அதில் ஞாபகம் இருப்பது திருக்குறள் ஒப்பித்ததும், பிரம்படி வாங்கியதும்தான். அந்தப் பிரம்பு இப்போது இல்லை. நல்லது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ஞானிகளில் ஒருத்தியாக இரண்டு தடவை நடித்திருக்கிறேன். அதற்கு அட்டைக் கிரீடம் செய்து கொடுத்தவர், ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற என் தாத்தா.

ராமேஸ்வரத்தில் ஆரம்பக் கல்வி முடித்த அப்துல் கலாம், ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்துதான் மேலே படித்தார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் பெயரில் இருக்கும் கிறிஸ்தவப் பள்ளி அது. அங்கே தன்னை ஊக்கப்படுத்திய ஆசிரியர் அய்யாதுரை சாலமோனைப் பற்றிப் பெரிய பொறுப்புகளுக்கு வந்த பிறகும் கலாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் நான் கவனிப்பது இன்னொன்றும் உண்டு. மேலே படிக்க அந்தப் பையன் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. வீட்டில் அனுப்பினார்கள். எல்லா வீட்டிலும் அனுப்பிவிடுகிறார்களா?

பீடித் தட்டும் கணக்கு டீச்சரும்

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு முடித்தால் டி.சி. வாங்கியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர், வேறு பள்ளி, பஸ். இலவசக் கல்வி கட்டாய உரிமை என்று சட்டம் சொல்வதும் 6 முதல் 14 வயது வரைதான். அரசு தரும் இலவச சைக்கிள் வருவது பதினொன்றாம் வகுப்பில். நடுவில் ஒன்பதும் பத்தும் அந்தரத்தில்.

நான் எட்டு முடித்த வருஷம் மே மாதம். அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பொம்பளைப் பிள்ளைக்குக் கை ஓடத் தொடங்கினால் மடியில் தட்டு வந்துவிடும். இலை, தூள், நூல். கட்டுக் கட்டி சாயங்காலம் பீடிக் கடையில் கொடுத்தால் காசு. “லீவுக்குத்தானே” என்று ஆரம்பிக்கும். ஜூன் வந்ததும் “இந்த வருஷம் போகட்டும்” என்று நீளும்.

கணக்கு டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “நூறு பீடிக்கு என்ன கூலி? ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவ? மாசத்துக்கு எவ்வளவு, மனசுலேயே போட்டுச் சொல்லு” என்றார். சொன்னேன். உடனே சொல்லிவிட்டேன். டீச்சர் அம்மா பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா? பென்சில் இல்லாமப் போடுதா. இவளை வெச்சு பீடிய எண்ணவா போற?”

அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு என்னை பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சேர்த்ததும் அவர்தான். டிக்கெட்டும் அவர்தான் எடுத்தார்.

என் பக்கத்து பெஞ்ச் தோழி சேரவில்லை. என்னைவிட நன்றாகப் படிப்பாள். அவள் வீட்டில், “அடுத்த வருஷம் பார்ப்போம் டீச்சர்” என்றார்களாம். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

இந்த முறை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மடியில் தட்டோடுதான் “வா, வா” என்றாள். பேச்சுவாக்கில் அந்த நாளைக் கேட்டேன். இலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “டீச்சர் வந்தப்ப நான் உள் ரூம்லதான் இருந்தேன். கூப்பிட்டாங்க. அப்பா இருந்தாருன்னு வெளிய வரல. வந்து நின்னிருந்தா என்னவோ!”

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அந்தக் காபி டம்ளர் ஞாபகத்துக்கு வந்து, என்ன பேசுவதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிற டீச்சர் இருப்பாரா?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து நகரும். நகராமல் நிற்கிற பெயர் யாருடையது என்று கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடும்.

“தெரியும்தான். ஆனா கம்ப்யூட்டர் திண்ணையில வந்து உக்காருமா?” என்று சிரித்தார் டீச்சர். “அந்தப் பிள்ளை வீடு எது, அப்பாகிட்ட பேசணுமா, ஆச்சிகிட்ட பேசணுமான்னு எட்டு வருஷம் பார்த்தவங்களுக்குத்தானே தெரியும்?”

அந்த டீச்சர்கள் இருக்க வேண்டுமானால் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி இருக்க பிள்ளைகள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழிப் பாடம் மூன்றுக்கும் தலா ஓர் ஆசிரியராவது வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி என்று ஆகும். ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்ப ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு டீச்சர் குறைந்தால், “அங்க டீச்சரே இல்லையாம்” என்று ஊரில் பேச்சு வரும். அந்தப் பேச்சு அடுத்த ஜூனில் இன்னும் நாலு பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும்.

மஞ்சள் வேன் தினமும் காலையில் பள்ளி வாசல் வழியாகத்தான் போகிறது. டை கட்டிய பிள்ளைகள் ஜன்னலில் கையாட்டுகிறார்கள். இங்கிலீஷ் மீடியம் ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கே முதல் வேலையில் இங்கிலீஷ் மெயில் எழுதக் கை நடுங்கியது. டீச்சரும் அதை மறுக்கவில்லை. “இங்கிலீஷை நாங்க இன்னும் நல்லா சொல்லிக்கொடுக்கணும். அது எங்க குறைதான்” என்றார். அதற்காக இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசுகிற பயிற்சி நடக்கிறது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளின் ஆட்டோ செலவுக்கு டீச்சர்களே மாதாமாதம் பங்கு போடுகிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு... ஆறாம் வகுப்பில் ஓடத் தொடங்கும் கடிகாரம்!

நிறைய உதவித் திட்டங்கள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு எடுக்கின்றன. இது தெரியாமல் பள்ளி மாற்றிவிட்டுப் பிறகு வருத்தப்படும் குடும்பங்கள் உண்டு. குறித்துக்கொள்ளுங்கள்:

* மாதம் 1,000 ரூபாய்: உயர்கல்வி படிக்கும்போது மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’. அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’ விரிவானது 2024 டிசம்பரில். 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் யோசியுங்கள்.

* என்.எம்.எம்.எஸ். தேர்வு: எட்டாம் வகுப்பில் எழுதுவது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு 48,000 ரூபாய். “பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பா?” என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஏழாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும்.

* 7.5 சதவிகித மருத்துவ இடஒதுக்கீடு: 2020-ல் வந்த இந்தச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளி இதில் வராது. இதிலும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. டாக்டர் கனவு இருந்தால் ஆறாம் வகுப்புச் சேர்க்கையிலேயே இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

* டி.சி. வாங்கும் நாள்: வாங்கிய கையோடு அடுத்த பள்ளியில் சேர்த்துவிடுங்கள். “லீவு முடியட்டும்” என்று பீரோவில் வைத்த டி.சி. அங்கேயே இருந்துவிடும்.

மறுபடியும் மணி

சாயங்காலம் கிளம்பும்போது பள்ளி விடுகிற நேரம். காலையில் தூணருகே பார்த்த ஆறாம் வகுப்புப் பாப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். “அவளுக்கு டெய்லி காலையில ரெண்டு பிஸ்கெட் பாக்கெட் யார் வாங்கி வைக்கிறாங்கன்னு கேட்டுறாதே, எழுதிறாதே” என்றார் டீச்சர். கேட்கவில்லை. எழுதிவிட்டேன். மன்னிச்சிருங்க டீச்சர்.

வாசலில் என் தோழி நின்றிருந்தாள். தட்டை வீட்டில் வைத்துவிட்டு, தலைகூட வாராமல் வந்திருந்தாள். அவள் மகள் இப்போது இங்கேதான் ஒன்றாம் வகுப்பு. வேனில் அனுப்பலாம் என்று வீட்டில் சொன்னார்களாம். இவள்தான் இங்கேயே போடச் சொன்னாளாம்.

“ஏன்டி?” என்றேன்.

“இங்கதான் டீச்சர் வீட்டுக்கு வருவாங்க” என்றாள். “இந்தத் தடவை வந்தாங்கன்னா நான் வெளிய வந்து நிப்பேன்லா.”

தண்டவாளத் துண்டில் யாரோ ஒரு பிள்ளை ஓங்கி அடித்தது. அவள் மகள் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடி வந்தாள்.